அரைப் புள்ளி

சதுரங்கப் போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் வாசலில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "வெண்டியா, தோத்தியா?" இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு விடை உண்டு என்பது நமது வாப்பாமார், உம்மாமார் பலருக்குத் தெரியாது. "ட்ரோ உம்மா" என்று பிள்ளை சொன்னால், "அப்ப ஒண்டுமில்லயா?" என்று கதை முடிந்துவிடுகிறது. நான்கு மணித்தியாலம் கதிரையில் அசையாமல் இருந்து, தோற்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்த பிள்ளை, ஒன்றுமில்லாததைக் கொண்டுவந்தவள் போல முகம் கழுவப் போகிறாள்.

எமது கல்லூரியின் சதுரங்கக் கழகத்துக்குப் பொறுப்பாக இருப்பவள் என்பதால் இந்த "ஒன்றுமில்லை" பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சதுரங்கத்தில் வென்றவருக்கு 1 புள்ளி, தோற்றவருக்கு 0, சமநிலையில் முடித்தவர்கள் இருவருக்கும் ஆளுக்கு அரை. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வருகிறது, யார் அதைச் சம்பாதிக்கிறார்கள் என்பதை ஓர் ஆட்டத்தை வைத்தே விளக்குகிறேன். வீட்டில் பலகை இருப்பவர்கள் மூன்று காய்களை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

பாடசாலைகளுக்கிடையிலான குழுப் போட்டி ஒன்று. ஒரு குழுவில் நால்வர், நான்கு பலகைகள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பலகைகளில் வென்றிருந்தார்கள், ஒன்றில் தோற்றிருந்தார்கள். மிஞ்சியது நான்காவது பலகை. அதில் எங்கள் மாணவி கறுப்புக் காய்களுடன் ஆடிக்கொண்டிருந்தாள். நாவிதன்வெளிப் பக்கத்தில் வயலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வருபவள். எதிரில் இருந்தவள் தமிழ்ப் பாடசாலை மாணவி. அவளும் நாவிதன்வெளிதான், இரண்டு மூன்று வயல்வெளிகள் தள்ளி. இருவரும் பட்டம் பெற்ற வீராங்கனைகள் அல்லர். பாடம் முடிந்த பிறகு மாலையில் ஒரு மணித்தியாலம் ஆடிப் பழகிய சாதாரணப் பிள்ளைகள். பெயர்களை எழுதவில்லை, இருவருமே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளை தோற்றால் 2–2. சமநிலை எடுத்தால் 2½–1½ என்று குழு வெல்லும். ஆனால் பலகையில் நிலைமை நன்றாக இல்லை. நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாயை இழந்திருந்தாள். பிறகு கோட்டைகள் மாறின, குதிரைகள் மாறின, சிப்பாய்கள் ஒன்றுக்கொன்று வெட்டுப்பட்டன. கடைசியில் வெள்ளைக்கு ஓர் அரசனும் ஒரு சிப்பாயும். கறுப்புக்குத் தனி அரசன் மட்டும். பார்த்துக்கொண்டிருந்த சிறிய பிள்ளைகள், "முடிஞ்சி" என்று முணுமுணுத்தார்கள். சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தால் அரசியாகிவிடும். அரசி வந்துவிட்டால் ஆட்டம் போய்விடும். பொறுப்பாசிரியை என்றாலும் வாய் திறக்க எனக்கு அனுமதியில்லை. பார்வையாளர் ஒருவர் இருமினால்கூட நடுவர் திரும்பிப் பார்க்கும் இடம் அது.

நிலை இப்படி இருந்தது. வெள்ளை அரசன் ஈ5 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் ஈ6இல், கறுப்பு அரசன் ஈ7இல், சிப்பாயின் மூக்குக்கு நேரே. வெள்ளை தன் அரசனைப் பக்கவாட்டில் டி5க்கு நகர்த்தினாள். இப்போது கறுப்பு அரசன் எங்கே போவது? போகக்கூடிய கட்டங்கள் நான்கு: எஃப்6, எஃப்8, டி8, ஈ8. இந்த நான்கில் மூன்று தோல்வி. ஒன்று மட்டுமே சமநிலை.

நீங்களே வைத்துப் பாருங்கள். கறுப்பு அரசன் டி8க்குப் போனால் வெள்ளை அரசன் டி6இல் வந்து முகத்துக்கு முகம் நிற்கிறான். கறுப்பு ஈ8க்கு விலகுகிறது. உடனே சிப்பாய் ஈ7க்கு வருகிறது. கறுப்புக்கு எஃப்7 மட்டுமே மிச்சம். வெள்ளை அரசன் டி7இல் ஏற, அடுத்த நகர்வில் சிப்பாய் அரசியாகிறது. எஃப்8க்குப் போனாலும் இதே கதி. எஃப்6க்கு முன்னேறினால், வெள்ளை அரசன் டி6க்கு வந்து சிப்பாய்க்கு வழி திறந்துவிடும்.

எங்கள் பிள்ளை நீண்ட நேரம் யோசித்தாள். பிறகு அரசனை நேராகப் பின்னே, ஈ8க்கு எடுத்தாள். இந்த நிலையில் வழி அது ஒன்றுதான்: நேரே பின்வாங்க வேண்டும், பக்கத்துக்கு ஒதுங்கக் கூடாது. இப்போது வெள்ளை அரசன் டி6க்கு வந்தால் கறுப்பு அரசன் டி8இல் நின்று முகம் கொடுக்கும். இந்த முறை எதிரெதிராக நிற்கும்போது நகர வேண்டிய முறை வெள்ளையுடையது. சதுரங்கத்தில் "இந்தமுறை நான் நகரவில்லை" என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அரசர்கள் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, யார் நகர வேண்டியிருக்கிறதோ அவர்தான் வழிவிட வேண்டும். 'எதிர்நிலை' என்று இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குறுகிய வரப்பில் எதிரெதிரே வந்த இருவரில் முதலில் காலைத் தூக்குபவர் சேற்றில் இறங்குவதைப் போன்றது.

வெள்ளை சிப்பாயை ஈ7க்குத் தள்ளிச் செக் சொன்னாள். கறுப்பு அரசன் ஈ8க்கு வந்தது. இனி வெள்ளைக்கு இரண்டே வழி. அரசனை விலக்கினால் சிப்பாய் வெட்டுப்படும். மிஞ்சுவது இரண்டு அரசர்கள் மட்டும். அரசனை ஈ6இல் வைத்துச் சிப்பாயைக் காத்தால் கறுப்பு அரசனுக்குப் போக இடமே இல்லை. ஆனால் அதற்குச் செக்கும் இல்லை. அவள் ஈ6இல் வைத்தாள். செக் இல்லாமல், சட்டப்படி ஒரு நகர்வும் இல்லாமல் ஒருவர் அடைபட்டு நிற்பதுதான் ஸ்டேல்மேட். ஆட்டம் அந்த இடத்திலேயே சமநிலையில் முடிகிறது.

எதிரில் இருந்த பிள்ளை சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிப்பாயைச் சற்று முந்தித் தள்ளியிருந்தாள். சிப்பாய் இரண்டு கட்டம் பின்னே நிற்க, அரசன் முன்னே நடந்து வழி பிடித்திருந்தால் ஆட்டம் அவளுடையது. ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும்போது அதை ஓடவிடத் தோன்றுவது இயல்புதான். பிறகு இருவரும் கைகொடுத்தார்கள். வெளியே போய் வேப்பமர நிழலில் அதே மூன்று காய்களை மறுபடி வைத்து அடுக்கிக்கொண்டிருந்ததையும் கண்டேன்.

ஈ8 என்ற அந்த ஒரு கட்டம் எங்கள் பிள்ளைக்கு அன்று திடீரென்று உதித்தது அல்ல. மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் நாவிதன்வெளிப் பிள்ளைகள் கல்முனைப் பக்கம் வருவது பெரும்பாடு. அப்படிப் பாடசாலைக்கு வர முடியாமல் வீட்டில் இருந்த நாட்களில் காக்காவோடு மூன்றே மூன்று காய்களை வைத்து இதே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடியிருக்கிறாள். முப்பத்திரண்டு காய்களையும் அடுக்கி ஆடுவதுதான் பிள்ளைகளுக்கு விருப்பம். மூன்று காய்ப் பயிற்சி அவர்களுக்குச் சலிப்பு. கழகத்தில் நான் அதிகம் ஏச்சு வாங்குவதும் இதற்காகத்தான்.

இந்த ஸ்டேல்மேட் விதிக்கு ஒரு வரலாறு உண்டு. அது நமக்கு மிக நெருக்கமான வழியால் வந்த வரலாறு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையைக் குறிக்கும் 'சதுரங்கம்' இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. அரபு மொழியில் 'ஷத்ரஞ்' ஆனது. அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'ஷா'தான் பல மொழிகள் கடந்து இன்று நாம் சொல்லும் 'செக்' ஆகியிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் அல்-அத்லீ இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 10ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீஃபாவின் அவையில் ஆடிய அஸ்-ஸூலீ அவரையும் மிஞ்சியவர் என்று பெயர் பெற்றார். இந்தக் காய்கள் மிஞ்சினால் வெற்றி, இவை மிஞ்சினால் சமநிலை என்று இறுதியாட்டங்களை ஆராய்ந்து தீர்ப்பு எழுதி வைத்தவர்கள் அவர்கள். கோட்டைக்கு எதிராகக் குதிரை என்ற இறுதியாட்டத்தில் அல்-அத்லீயின் பெயரால் வரும் நிலை ஒன்று இன்றைய பாடப் புத்தகங்களிலும் இடம்பெறுகிறது. காரணம், அரசன், கோட்டை, குதிரை ஆகிய மூன்றின் நடை அன்றுமுதல் மாறவில்லை.

ஆனால் ஷத்ரஞ்சில் ஸ்டேல்மேட் சமநிலை அல்ல. அடைபட்டவர் தோற்றவர். எதிரியின் எல்லாக் காய்களையும் வெட்டி அரசனைத் தனியாக்கிவிட்டாலும் வெற்றிதான். அடுத்த நகர்விலேயே அவரும் உங்கள் அரசனைத் தனியாக்கிவிட்டால் மட்டும் சமநிலை. அந்த விதிப்படி எங்கள் பிள்ளை கடைசிச் சிப்பாயை இழந்தபோதே தோற்றிருப்பாள். இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு, எதிரியை அடைத்துப் போட்டவரே தோற்றவராகக் கருதப்பட்டார்! ஒரே நிலை ஓரிடத்தில் வெற்றி, இன்னோரிடத்தில் தோல்வி. 19ஆம் நூற்றாண்டில்தான் இது சமநிலை என்று எங்கும் நிலைத்தது. அரைப் புள்ளியும் அவ்வளவு பழையதல்ல. 1867இல் பாரிஸில் நடந்த போட்டியில் சமநிலைக்கு இருவருக்கும் பூச்சியமே கொடுத்தார்கள். அதே ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் நடந்த போட்டியில்தான் ஆளுக்கு அரை என்ற முறை வந்தது. "ட்ரோ என்றால் ஒண்டுமில்ல" என்று சொல்லும் பெற்றோர் அறியாமலே பாரிஸ் கணக்கைப் பின்பற்றுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. பெற்றோர் சிலர் என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். சதுரங்கம் ஆடலாமா? மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹராம் என்று கூறியவர்கள் இருக்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், பணயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் ஆடுவது ஹராம் ஆகாது, மக்ரூஹ் என்பது பரவலாக அறியப்பட்ட கருத்து. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழகத்தில் ஒரு சதத்துக்கும் பணயம் கிடையாது என்பதையும், லுஹருக்கும் அஸருக்கும் பாங்கு சொன்னால் காய்கள் அப்படியே நிற்கப் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்பதையும் மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெண் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஃபாத்திமாவின் கதை. 1929இல் பஞ்சாபின் பெரும் நிலக்கிழாரான சேர் உமர் ஹயாத் கான் லண்டனுக்குப் போகும்போது தம் பரிவாரத்தில் மீர் சுல்தான் கான் என்பவரையும் அழைத்துச் சென்றார். சுல்தான் கான் பழகியது இந்திய முறை ஆட்டம்; அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே போகும். போன இடத்தில் ஐரோப்பிய விதிகளைப் பழகிக்கொண்டு அந்த ஆண்டே பிரித்தானிய சாம்பியன் ஆனார். 1932இலும் 1933இலும் மறுபடி வென்றார். முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். 1931இல் பிராக் நகரில் அப்போதைய உலக சாம்பியன் அலெக்கைனுடன் ஆடிச் சமநிலை எடுத்தார். அரை உலகம் அஞ்சிய மனிதரிடம் எடுத்த அரைப் புள்ளி அது.

அந்த வீட்டிலேயே பணிபுரிந்தவர் ஃபாத்திமா. 1933இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த பிரித்தானியப் பெண்கள் சாம்பியன் போட்டியில் அவரும் ஆடினார். பதினொரு ஆட்டங்கள். பத்து வெற்றி, ஒரு சமநிலை, தோல்வி இல்லை. இரண்டாமிடத்துக்கு வந்தவரைவிட மூன்று புள்ளிகள் முன்னே நின்று பட்டத்தை எடுத்தார். ஆண்கள் பட்டமும் பெண்கள் பட்டமும் அந்த ஆண்டு ஒரே வீட்டுப் பணியாளர் இருவருக்குப் போயின. ஆண்டு முடிவதற்குள் சேர் உமர் நாடு திரும்பினார். அவரோடு இவர்களும் திரும்பினார்கள். ஃபாத்திமா பிறகு எந்தப் பெரிய போட்டியிலும் ஆடவில்லை. ஆட வேண்டாம் என்று அவர் தீர்மானித்தாரா, ஆட ஒரு மேடை இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. எசமான் போகும் இடத்துக்குப் போய், திரும்பும்போது திரும்ப வேண்டிய வாழ்க்கை. சுல்தான் கானுக்காவது 1966இல் அவர் இறந்து நெடுங்காலம் கழித்து, 2024இல், உலக சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. ஃபாத்திமாவின் பெயர் அந்த 1933ஆம் ஆண்டுப் பட்டியலில் நிற்கிறது. பத்தரைப் புள்ளி என்று எழுதப்பட்ட அந்த வரியில் பத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த அரையும் முக்கியம். வெல்ல முடியாமல் போன ஒரு நாளிலும் அவர் தோற்காமல் எழுந்திருக்கிறார்.

சமநிலை என்பது பலமுள்ளவர் போட்ட பிச்சை என்று நினைப்பவர்களுக்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். 1984 செப்டம்பரில் மொஸ்கோவில் கார்ப்போவும் கஸ்பரோவும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். ஆறு வெற்றியை முதலில் எட்டுபவர் சாம்பியன். ஒன்பது ஆட்டங்கள் முடிவதற்குள் கார்ப்போவ் 4–0 முன்னிலை. கஸ்பரோவுக்கு வயது 21. முடிந்தது என்று உலகமே நினைத்தது. அதன் பிறகு தொடர்ச்சியாகப் பதினேழு ஆட்டங்கள் சமநிலை. 27ஆவது ஆட்டத்தில் கார்ப்போவ் ஐந்தாவது வெற்றியைப் பெற்றார். இன்னும் ஒன்றே தேவை. அந்த ஒன்று வரவேயில்லை. 48 ஆட்டங்களில் 40 சமநிலை. ஸ்கோர் 5–3 ஆக இருந்தபோது, 1985 பெப்ரவரியில் போட்டியை முடிவின்றி நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில், புதிதாக நடந்த போட்டியில் கஸ்பரோவ் சாம்பியன் ஆனார். ஐந்துக்குப் பூச்சியம் என்ற நிலையில் வாசலில் நின்று "வெண்டியா, தோத்தியா" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்!

எல்லாச் சமநிலையும் போற்றத்தக்கது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு தோழிகள் பத்து நகர்வு ஆடிவிட்டு, "வா, போய் ஐஸ் கிறீம் குடிப்பம்" என்று கைகொடுத்து முடிக்கும் ஆட்டமும் ஏட்டில் சமநிலைதான். பெரிய வீரர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் சில போட்டிகளில் குறிப்பிட்ட நகர்வு எண்ணிக்கைக்கு முன் உடன்பட்டு முடிக்கத் தடை போடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்காது. எங்கள் கழகத்தில் பலகை நிறையக் காய் இருக்கும்போது ட்ரோ கேட்டால், அந்த நிலையிலிருந்தே இருவரையும் பக்கம் மாற்றி ஆடவைப்பேன்.

உடன்பட்டு முடிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. தெரியாமல் பிள்ளைகள் நடுவரிடம் ஏச்சு வாங்குகிறார்கள். முதலில் உங்கள் நகர்வைப் பலகையில் ஆட வேண்டும். பிறகு சமநிலை கேட்க வேண்டும். அதன் பிறகே கடிகாரத்தை அழுத்த வேண்டும். எதிரி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்பது முறையல்ல. திரும்பத் திரும்பக் கேட்டால் தொந்தரவு செய்ததாகக் கணக்கு. எதிரி "இல்லை" என்று சொன்னாலோ, நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலோ அந்த வேண்டுகோள் காலாவதியாகிவிடும்.

இன்னொன்று, நகர்வுகளைத் தாளில் ஒழுங்காக எழுதுவது. "எழுதினா நேரம் போகுது டீச்சர்" என்பார்கள். ஒரே நிலை மூன்று தடவை வந்தால் சமநிலை கோரலாம். மூன்று நகர்வு திரும்பினால் என்று பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். திரும்ப வேண்டியது முழுப் பலகையின் நிலை. நகர வேண்டிய முறையும் அதே ஆளுடையதாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதேபோல, இரு பக்கமும் ஐம்பது நகர்வுகளுக்கு ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல் போனாலும் சமநிலை கோரலாம். இந்த ஐம்பது என்ற எண்ணை ஸ்பெயின் நாட்டு ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட நூலிலேயே காணலாம். இந்த இரண்டையும் நிரூபிக்க உங்களிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். ஐந்து தடவை திரும்பினாலும், எழுபத்தைந்து நகர்வு கடந்தாலும் கோராமலே ஆட்டம் முடியும். ஆனால் அவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடலாம்.

நேரம் தீர்ந்தாலும் ஒரு கதவு இருக்கிறது. உங்கள் கடிகாரம் முடிந்த வேளையில் எதிரியிடம் தனி அரசன் மட்டுமே இருந்தால், அவரால் எந்த வழியிலும் செக்மேட் செய்ய முடியாது. ஆகவே அது தோல்வியல்ல, சமநிலை. இது தெரியாமல் கடிகாரம் நின்றதும் அழுதுகொண்டே எழுந்து போன ஒரு பிள்ளையை நடுவர் கூப்பிட்டுக் கொண்டுவந்து அரைப் புள்ளி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

அழுது எழுந்து போவதைவிடக் கவலை தருவது, தானாகவே தோல்வியை ஒப்புக்கொள்வது. அரசி போய்விட்டால் உடனே கைநீட்டிவிடுகிறார்கள் எங்கள் பிள்ளைகள். மரியாதை என்று நினைக்கிறார்களோ, கூச்சமோ தெரியாது. ஒப்புக்கொண்ட தோல்வியைத் திருப்பி எடுக்க விதியில் இடமே இல்லை. எதிரியும் பாடசாலைப் பிள்ளைதான். அவளுக்கும் கை நடுங்கும். அவளும் சிப்பாயை முந்தித் தள்ளுவாள்.

கை நடுங்குவது பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டுமா? 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். சென்னைப் பையன் குகேஷுக்கு வயது 18; எதிரில் சீனாவின் டிங் லிரென். புள்ளிகள் ஆறரைக்கு ஆறரை. பலகையில் ஆளுக்கு ஒரு கோட்டை, ஒரு மந்திரி; குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். சமநிலையில்தான் முடியும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 55ஆவது நகர்வில் டிங் தன் கோட்டையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் கோட்டைகளை மாற்றினார், மந்திரிகளை மாற்றினார். மிஞ்சியவை அரசர்களும் சிப்பாய்களும். நாவிதன்வெளிப் பிள்ளைகள் இருவரும் நின்ற அதே வகை இறுதியாட்டம்! ஆனால் இங்கே வழிவிட வேண்டியவர் டிங். நேரே பின்வாங்கித் தப்பும் ஓர் ஈ8 அவருக்கு இருக்கவில்லை. மூன்றே நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை என்று உலகப் பட்டம் சென்னைக்குப் போனது.

விடுமுறையில் வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு நிலை தருகிறேன். வெள்ளை அரசன் ஜி5, வெள்ளை மந்திரி டி5, வெள்ளைச் சிப்பாய் எச்5. கறுப்புக்கு எச்8 மூலையில் தனி அரசன். வெள்ளைக்கு ஒரு முழு மந்திரியும் ஒரு சிப்பாயும் கூடுதல். நகர வேண்டிய முறையும் வெள்ளையுடையதே. ஆனாலும் கறுப்பு பிழைவிடாவிட்டால் இதை வெல்ல முடியாது. ஏன் என்று கண்டுபிடியுங்கள். மந்திரி நிற்கும் கட்டத்தின் நிறத்தையும் மூலைக் கட்டத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். வாப்பாவையோ உம்மாவையோ வெள்ளைப் பக்கம் இருத்தி ஆடுங்கள்.